ஓட்ஸ் தட்டில் ஒரு தண்ணீர்ப் பங்கீடு

முதல் முறை நான் ஓவனிலிருந்து எடுத்த ஓட்ஸ், மூன்று மாடிக் கட்டடம் போல இருந்தது. மேல் மாடியில் காய்ந்த தோல், நடு மாடியில் குழைந்த கஞ்சி, தரைத்தளத்தில் வெள்ளம். குறிப்பில் சொன்னபடிதான் செய்திருந்தேன். ஓட்ஸ், பால், முட்டை, பழம் எல்லாவற்றையும் கலந்து 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைக்க வேண்டும், வைத்தேன். துண்டு போடக் கத்தியை இறக்கினேன், கடைசியில் கரண்டியால் அள்ள வேண்டியதாயிற்று. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைவிடக் கடுமையான விமர்சனம் இருக்க முடியாது.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டு தட்டாகச் செய்து பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. இந்தப் பலகாரத்தின் வெற்றி தோல்வி எல்லாம், கலவைக்குள் இருக்கும் தண்ணீரை யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தண்ணீர்ப் பங்கீடு என்றாலே தகராறு என்பது நமக்குப் புதிதல்லவே.

பழம் சேர்த்துச் சுடும் ஓட்ஸ், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஆமிஷ், மென்னோனைட் என்ற கிறித்தவச் சமூகத்தாரின் சமையலோடு சேர்த்துப் பேசப்படுவது. கஞ்சியாகக் காய்ச்சினால் அப்போதே குடித்தாக வேண்டும். தட்டில் சுட்டெடுத்தால் வெட்டி வைத்து நாலு நாள் காலைக்குச் சமாளிக்கலாம். வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

என் கணக்கு இது. ஆறு துண்டுகளுக்கு ரோல்டு ஓட்ஸ் 200 கிராம், பால் 400 மில்லி, முட்டை இரண்டு, மசித்த வாழைப்பழம் 200 கிராம், தோலோடு நறுக்கிய ஆப்பிள் 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி உலர்திராட்சை. சர்க்கரை கிடையாது. தண்ணீர் என்று தனியாக ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஆனால் பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர், முட்டையிலும் வாழைப்பழத்திலும் 75, ஆப்பிளில் 85. கூட்டிப் பார்த்தால் 700 கிராமைத் தொடுகிறது, ஓட்ஸின் எடையைப் போல மூன்றரை மடங்கு. இவ்வளவும் கத்தியால் வெட்டக்கூடிய துண்டுக்குள் அடங்க வேண்டும்.

முதல் பங்கு ஓட்ஸுக்கு. இதைக் காடைக்கண்ணி என்று எழுதுவோர் உண்டு. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தீட்டிய அரிசியில் கொழுப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஓட்ஸிலோ 7 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. அந்தக் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதியும் அதே மணிக்குள் குடியிருக்கிறது. உமி நீக்கி நசுக்கியதும் இரண்டும் சந்தித்துக்கொள்ளும்; கசப்பும் காறல் வாடையும் வந்துவிடும். அதனால் ஆலையில் முதலில் நீராவியில் அவித்து நொதியை அடக்கிவிட்டு, பிறகுதான் உருளைகளுக்கிடையே விட்டுத் தட்டையாக்குகிறார்கள். ஆக, நாம் வாங்குவது பாதி வெந்த ஓட்ஸ் அவல்.

அவல் என்றால் ஊற வேண்டாமா? நான் ஊறவிடாமல் நேரே ஓவனில் தள்ளியிருந்தேன். தண்ணீர் குடிக்காத செதில்கள் மேலே மிதந்தன, பால் கீழே தங்கிவிட்டது. கலந்தபின் 20 நிமிடம் வைத்தால் செதில் வீங்கும், கலவை கெட்டியாகும், பழத்துண்டுகளும் மூழ்காமல் நின்ற இடத்தில் நிற்கும். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் இதைவிட மெல்லிய நறுக்கு. கண் இமைப்பதற்குள் குடித்துக் குழைந்துவிடும். தட்டையாக்காமல் மணியைத் துண்டு துண்டாக நறுக்கிய ஸ்டீல் கட் வகைக்கு ஓர் இரவே வேண்டும்.

ஊறும் கலவையைக் கரண்டியால் தூக்கிப் பார்த்தால் ஒரு வழவழப்பு தெரியும். பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தின் வேலை அது. ஓட்ஸின் எடையில் ஏறத்தாழ 4 விழுக்காடு. மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான். ஆனால் கண்ணிகளை மாட்டியிருக்கும் விதம் வேறு. அந்த மாட்டலைக் கழற்றும் நொதி நம் செரிமான நீரில் இல்லை. பஞ்சில் இருக்கும் செல்லுலோஸும் இப்படிச் செரிக்காத சங்கிலியே. அது நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கிப் படுத்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடுவதில்லை. பீட்டா குளுக்கானில் அங்கங்கே ஒரு வளைவு விழுகிறது. வளைந்த குச்சிகளை ஒழுங்காக அடுக்க முடியுமா? இடுக்குகளில் தண்ணீர் புகுந்துகொள்கிறது, பசையாகிறது.

ஓட்ஸை உடம்புக்கு நல்லது என்று சொல்வதன் பெரும்பகுதி இந்த வழவழப்புக்குத்தான் சேர வேண்டும். குடலுக்குள்ளும் உணவுக் கூழ் இதே போல் கெட்டியாகிறது. சர்க்கரை அந்தப் பசைக்குள் நீந்தி மெதுவாகவே குடல் சுவரை எட்டுகிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் பசையில் மாட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துப் புதிய பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவோடு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் சேர்த்தால் இதய நோய் வாய்ப்பு குறையலாம் என்ற வாசகத்தை ஓட்ஸ் பெட்டிகளில் அச்சிட, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. என் தட்டில் ஒரு துண்டுக்கு 33 கிராம் ஓட்ஸ் வருகிறது, அதாவது 1.3 கிராம் பீட்டா குளுக்கான். மூன்றில் பாதிகூட இல்லை. ஒரு துண்டு தின்றால் கொலஸ்ட்ரால் கரைந்தோடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

துண்டு உதிராமல் இருக்கட்டும் என்று சிலர் இரண்டு கரண்டி கோதுமை மாவு தூவுவார்கள். வேண்டாம் என்பேன். அவித்த ஓட்ஸில் நொதிகள் அடங்கிவிட்டன. கோதுமை மாவில் அவை விழித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று பீட்டா குளுக்கான் சங்கிலியைக் குட்டை குட்டையாக நறுக்கக்கூடியது. ஊற ஊற நறுக்கல் நடக்கும். நார்ச்சத்தின் எடை அப்படியே இருக்கும், வழவழப்பு மட்டும் போய்விடும். நமக்கு வேண்டியதோ அந்த வழவழப்பு.

பழங்களுக்கு வருவோம். இந்தப் பங்கீட்டில் நம்ப முடியாத கூட்டாளிகள் இவர்கள்தான். ஓட்ஸும் முட்டையும் தண்ணீர் வாங்குபவர்கள், பழம் கொடுப்பவர். எப்போது கொடுக்கும் என்பதுதான் சிக்கல். மசித்த வாழைப்பழம் தன்னிடம் உள்ளதைத் தொடக்கத்திலேயே ஒப்படைத்துவிடும், ஊறும் ஓட்ஸ் வாங்கிக்கொள்ளும். ஆப்பிள் கஞ்சன்; செல்சுவரைப் பிணைக்கும் பெக்டின் என்ற பசை சூட்டையும் கொஞ்சம் தாங்குவதால் துண்டு துண்டாகவே நின்று, சிறிது சிறிதாகவே நீர் விடும். ஃப்ரீசரிலிருந்து வந்த பழம் இதற்கு நேர்மாறு. உறையும்போது உருவாகும் பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுகின்றன. ஓவனில் பனி உருகியதும், முட்டை இறுகத் தொடங்கும் நேரம் பார்த்து, மொத்தத் தண்ணீரும் கொட்டும். முதல் நாள் நான் போட்டது உறைந்த மாம்பழத் துண்டுகள். இப்போது உறைந்த பழம் போடும் நாளில் பாலில் 50 மில்லி குறைத்துவிடுகிறேன். தட்டின் அடியில் உலர்திராட்சையைப் பரப்புவதும் அதற்காகத்தான், கசியும் நீரை அது குடித்துப் புடைத்துக்கொள்ளும்.

அன்னாசியும் பப்பாளியும் தனி வம்பு. இரவே கலந்து வைத்துக் காலையில் சுடலாம் என்று ஒருமுறை வேகவைக்காத அன்னாசியைப் பாலோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் வாயில் வைக்க முடியாத கசப்பு. அன்னாசியின் புரோமெலைன், பப்பாளியின் பாப்பெய்ன் இரண்டும் புரதத்தை வெட்டும் நொதிகள். பாலின் கேசீன் புரதத்தை நறுக்கும்போது கசப்பான துணுக்குகள் கிடைக்கின்றன. முட்டைப் புரதத்தையும் அவை விட்டுவைப்பதில்லை, பிறகு எது இறுகும்? அன்னாசியைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சேர்த்தால் நொதி செத்துவிடும். டப்பாவில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, தொல்லையில்லை. பப்பாளியின் நொதி சூட்டை அதிகம் தாங்கும் வகை. அந்தப் பழத்தைக் கலவையில் சேர்க்காமல், பரிமாறும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வதே மேல்.

இனிப்புக்கு வாழைப்பழம் போதும், தோலில் கரும்புள்ளி விழுந்ததாக இருந்தால். காயாக இருக்கையில் அதன் எடையில் 20 விழுக்காடு வரை மாவுச்சத்து; பழுத்து முடிகையில் அது ஒன்றிரண்டு விழுக்காட்டுக்கு இறங்கி, மற்றதெல்லாம் சர்க்கரையாகியிருக்கும். பேக்கிங் பவுடர் கொஞ்சம் காற்றோட்டம் தருகிறது, அவ்வளவே. அது இல்லையென்று ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டுவிட்டு, அதே தட்டில் நாவல்பழமோ புளூபெர்ரியோ சேர்த்தால், ஊதா நிறம் நீலமாகவும் பச்சையாகவும் மாறி ஊசிப்போனது போல் காட்சி தரும். அந்தப் பழங்களின் ஆந்தோசயனின் நிறமி காரம் பட்டால் அப்படித்தான் நடந்துகொள்ளும். தின்றால் ஒன்றும் ஆகாது. குழந்தைகளைத் தின்னவைப்பதுதான் கடினம்.

இனி ஓவன். 180 டிகிரி என்பது உள்ளே இருக்கும் காற்றின் சூடு. கலவையில் தண்ணீர் உள்ளவரை அதன் நடுப்பகுதி 100-ஐத் தாண்டாது. ஓரத்திலிருந்து சூடு மெல்ல உள்நோக்கி நகர்கிறது. 60 டிகிரியை ஒட்டி மாவுச்சத்து மணிகள் தண்ணீர் குடித்து வெடிப்பது போல் வீங்கிக் கஞ்சியாகின்றன. பிறகு முட்டைப் புரதங்கள் முறுக்கு அவிழ்ந்து ஒன்றையொன்று பற்றி வலை பின்னுகின்றன. பாலில் கலந்து நீர்த்த முட்டை 80 டிகிரியைத் தாண்டித்தான் சரியாக இறுகும். மிஞ்சிய தண்ணீருக்கெல்லாம் அந்த வலைதான் சிறை. மேலும் சூடேற்றினால் வலை சுருங்கும், பிடித்து வைத்ததைப் பிழிந்து கொட்டும். அதிகம் வெந்த முட்டைப் பொரியல் தட்டில் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி.

என் மூன்று மாடிக்கு விடை இங்கேதான் கிடைத்தது. நான் எடுத்தது ஆழமான கண்ணாடிக் கிண்ணம். சூடு ஊடுருவும் நேரம் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆழம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி வேக நான்கு மடங்கு நேரம் வேண்டும். அதற்குள் ஓரம் வெந்து, சுருங்கி, அழுது முடித்திருக்கும். இதே கலவையை 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஊற்றினால் ஆழம் 3 சென்டிமீட்டருக்குள் நிற்கிறது. ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாகவே இறுகுகின்றன. மேற்பரப்பு மட்டும் முழுதாகக் காய்ந்து 100-ஐத் தாண்டி 140 டிகிரியை எட்டும்போது, பாலின் புரதமும் பழத்தின் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வருகின்றன. அக்கம்பக்கத்து வீட்டார் விசாரிப்பது அந்த மணத்தைத்தான்.

எடுத்தவுடன் வெட்டாதீர்கள். மாவுச்சத்தின் நேரான சங்கிலிகள் ஆறும்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டித் துண்டுக்கு முதுகெலும்பு தருகின்றன. 20 நிமிடம் ஆகும். அதற்காக மதியம்வரை வெளியே விடுவதும் கூடாது. பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஓவன் சூட்டுக்குப் பயப்படுவதில்லை. கலவை வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் அவை முளைக்கும் நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள். துண்டு போட்டுப் பரப்பினால் சீக்கிரம் ஆறும்.

ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி கல்லாவது ஏன் என்று தெரிந்தால் மறுநாள் ஓட்ஸ் துண்டின் கதையும் தெரிந்துவிடும். கஞ்சியான மாவுச்சத்தின் கிளைச் சங்கிலிகள் குளிரில் மீண்டும் படிகமாகின்றன, குடித்த தண்ணீரைக் கைவிடுகின்றன. 4 டிகிரியை ஒட்டி இது விரைவாக நடக்கும். ஓட்ஸில் மட்டும் சற்று மெதுவாக நடக்கிறது. அதன் கொழுப்பு, மாவுச்சத்துச் சுருள்களுக்குள் நுழைந்து படிகமாவதைத் தடுக்கிறது. ஆலையில் தொல்லை கொடுத்த அதே கொழுப்பு. கைவிட்ட தண்ணீரைப் பக்கத்தில் இருக்கும் பீட்டா குளுக்கான் பிடித்துக்கொள்வதால் இரண்டாம் நாள் துண்டு என் நாக்குக்கு முதல் நாளைவிடப் பிடிக்கிறது. ஒரு கரண்டி பால் தெளித்து, மூடி, 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் படிகங்கள் கலைந்து மென்மை திரும்பும்.

ஃப்ரிட்ஜில் நான்கு நாள் என்பது என் எல்லை. மிச்சத்தை ஃப்ரீசருக்கு அனுப்பலாம். உறைந்து உருகும்போது பீட்டா குளுக்கானில் ஒரு பகுதி முன்போல் கரைவதில்லை, அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். நான்காம் நாள் துண்டை நான் மைக்ரோவேவில் வைப்பதில்லை. தோசைக்கல்லைக் காயவைத்து, அரைக் கரண்டி நெய் விட்டு, துண்டைக் கவிழ்த்துப் போடுகிறேன். சுர்ரென்று சத்தம் வரும், அடிப்பக்கத்தில் மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிக் கிளம்பும் சத்தம். அது அடங்கியதும் திருப்பிப் போட வேண்டும்.