கேம்பஸ் குப்பை யார் பொறுப்பு? 2026 விதிகள் சொல்வது என்ன

வளாகத்தில் சேரும் குப்பையை மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்றுதான் பல கல்லூரிகள் இன்னமும் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இவற்றின்படி பெரிய வளாகங்கள் ‘அதிகக் குப்பை உருவாக்குவோர்’ பட்டியலில் வரும். ஈரக் குப்பைக்கு நிர்வாகமே வழி செய்தாக வேண்டும்.

பட்டியலில் சேர மூன்று அளவுகோல்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர், தினசரி தண்ணீர்ச் செலவு 40,000 லிட்டர், தினசரி குப்பை 100 கிலோ. இதில் ஏதாவது ஒன்றை எட்டினாலே போதும். ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் பார்த்தால், 300 பேர் தங்கும் ஹாஸ்டல் ஒன்றே தண்ணீர் அளவைத் தாண்டிவிடும். ஆயிரம் பேர் சாப்பிடும் மெஸ்ஸில் தலைக்கு 100 கிராம் மிஞ்சினால் நூறு கிலோ ஆயிற்று. ஆகவே ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று பல்கலைக்கழகங்கள் நழுவுவது கஷ்டம்.

குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும்: ஈரமானது, உலர்ந்தது, நாப்கின், டயபர் போன்ற சுகாதாரக் கழிவு, அப்புறம் பல்பு, பெயின்ட் டப்பா, காலாவதியான மாத்திரை போன்ற தனிக் கவனம் தேவைப்படுபவை. பச்சை, நீலம் என்று இரண்டு தொட்டி வைத்துப் படம் எடுத்துப் போட்டால் போதாது.

ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள், வேறிடத்தில் அந்த வேலை நடந்ததற்கான பொறுப்புச் சான்றிதழைப் பெற வேண்டும். இடமில்லாத நகரத்து அலுவலகம் அப்படிச் செய்யலாம்; ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் சான்றிதழ் தேடிப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உண்மையில் வளாகங்களுக்கு இது எளிது. மெஸ்ஸில் மிஞ்சும் சாம்பார் சாதத்தை அப்படியே குழியில் கொட்டினால் புளித்து நாறும், புழு வைக்கும். அதில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். கார்பன் கொடுப்பது காய்ந்த சருகு. ஒரு கூடை சாப்பாட்டுக் கழிவுக்கு ஒரு கூடை சருகு என்று அடுக்கி, காற்றுப் போக அவ்வப்போது கிளறிவிட்டால் சில வாரங்களில் மக்கத் தொடங்கும். ஆனால் பல வளாகங்களில் காலையில் மரத்தடியில் சருகைக் கூட்டிக் குவித்து அங்கேயே தீ வைக்கிறார்கள். குப்பையை எரிப்பது விதிமீறல் என்பது ஒருபுறம், உரக்குழிக்கு வேண்டிய சரக்கையே எரிக்கிறோம் என்பது மறுபுறம்.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் தட்டு கழுவும் இடத்தில்தான். சோற்றோடு ஊறுகாய் பாக்கெட்டும் டிஷ்யூவும் ஒரே டிரம்மில் விழுந்தால், தூய்மைப் பணியாளர் கையை விட்டுத்தான் பொறுக்க வேண்டும். டிரம் பக்கத்தில் இன்னொரு சின்னத் தொட்டி வைத்து, முதல் சில நாட்களுக்கு ஒருவர் நின்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். கருத்தரங்கம் நடத்துவதைவிட இது பலன் தரும்.

கம்ப்யூட்டர் லேப் கழிவுக்குத் தனி விதி உண்டு. ஓர் ஆண்டில் ஆயிரம் மின்னணுச் சாதனங்களாவது பயன்படுத்தும் நிறுவனம், பழையதைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் போன்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

திடக்கழிவு விதிகளுக்குத் திரும்பினால், ‘அதிகக் குப்பை உருவாக்குவோர்’ என்று பதிவு செய்யாமல் இருந்தாலோ, பொய்க் கணக்குக் காட்டினாலோ சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட நேரிடும்.

உங்கள் வளாகம் பதிவு செய்திருக்கிறதா, ஈரக் குப்பை எங்கே போகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தனியார் கல்லூரி என்றால் அந்தப் பகுதி உள்ளாட்சி அமைப்பிடம் கேளுங்கள்.