பிரதிபலிப்பு: கண்ணாடிக்குச் சரி, மனத்துக்குச் சரியில்லை

"நினைவு வனத்தில், நினைவுகூரலுக்கும் பிரதிபலிப்புக்குமான பொதுக் கலை." ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த இந்த மாதிரி ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. இறந்தவர்கள் நினைவாக மரம் வளர்த்த இடத்தில் சிற்பமோ கல்லோ நிறுத்துகிறார்கள். வருகிறவர்கள் போனவர்களை நினைக்க வேண்டும், நின்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே பிரதிபலிப்புக்கு என்ன வேலை?

இப்படிப் 'பிரதிபலிப்பு' ஆக்கப்படும் ஆங்கிலத்து 'ரிஃப்லெக்‌ஷன்' லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; வேர்ப்பொருள் பின்னோக்கி வளைத்தல். ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதும் அதுதான், மனம் நடந்ததை நோக்கித் திரும்புவதும் அதுதான். வடமொழி வழி வந்த நம் 'பிரதிபலிப்பு' முதல் பொருளுக்கு மட்டும்தான் இடம் கொடுக்கிறது. அதையும் பாடநூல்கள் 'எதிரொளிப்பு' ஆக்கிவிட்டன. மக்கள் கோபம் தேர்தலில் பிரதிபலித்தது என்கிறோம். ஒன்று இன்னொன்றில் தெரிகிறது என்றே பொருள். "அப்பாவின் சாவைப் பற்றிப் பிரதிபலித்தேன்" என்று தமிழில் யாரும் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் 2001இல் திறந்த நேஷனல் மெமோரியல் ஆர்போரீட்டம் என்ற நினைவு மரத் தோட்டத்தில் ஒரு சிலை இருக்கிறது. கண் கட்டி, கைகளைப் பின்னால் பிணைத்த இளம் சிப்பாய். சுற்றிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட மரக் கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றச்சாட்டுகளில் சொந்தப் படையே சுட்டுக் கொன்றவர்கள். எதிரே ஆறு மரங்கள். சுடும் படையணியாக அவையே நிற்கின்றன. 2006இல்தான் பிரிட்டிஷ் அரசு இவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்பவர் எதையும் பிரதிபலிப்பதில்லை. தண்டனை சரியா, தப்பா என்று மனம் குடைகிறது.

வாஷிங்டனில் கட்டடக் கலைஞர் மாயா லின் வடிவமைத்து 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவர் வேறு விஷயம். மெருகேற்றிய கறுப்பு கிரானைட். செதுக்கிய பெயர்களின் மேல் பார்ப்பவரின் முகமும் தெரியும். அங்கே பிரதிபலிப்பு என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

'பிரதிபலிப்பு' வேண்டாம் என்றவர்கள் கொண்டுவந்த மாற்று 'மீள்சிந்தனை'. எனக்கு இதன்மேல்தான் கூடுதல் வருத்தம், ஏனென்றால் இது பார்வைக்குத் தூய தமிழாக இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் முதலில் 'ரீ' இருப்பதால் 'மீள்' போட்டிருக்கிறார்கள், வேறு காரணம் தெரியவில்லை. மீள்குடியேற்றம் என்றால் புரிகிறது. போனவர்கள் திரும்பி வந்து குடியேறுகிறார்கள். மீள்சிந்தனை என்றால் எடுத்த முடிவை மறுபடி யோசிப்பது போல, மறுபரிசீலனை போலத்தான் காதில் விழுகிறது. நினைவிடத்துக்கு வருபவர் எந்த முடிவையும் மாற்ற வரவில்லை. பலர் அந்தச் சாவைப் பற்றி முதல்முறையாக நிதானமாக யோசிப்பதே அங்கேதான். முதல்முறை யோசிப்பது எப்படி 'மீள்' ஆகும்? வடசொல்லை நீக்கினால் மட்டும் தமிழாகிவிடாது. தமிழர் யோசிக்கும் விதத்திலும் அந்தச் சொல் பொருந்த வேண்டும். 'தியானம்' என்பாரும் உண்டு. அது மனத்தை ஒன்றில் நிறுத்துவது; இங்கே மனம் அலைந்து தேட வேண்டியிருக்கிறது.

நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: உள்ளுதல். "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்ற குறளில் அதற்கு எண்ணுதல் என்று பொருள். "உள்ளுவன் மன்யான் மறப்பின்" என்ற இடத்தில் நினைத்தல் என்று பொருள். நினைவுகூரலும் சிந்தனையும் ஒரே சொல்லுக்குள்! ஆனால் இன்று பலகையில் 'உள்ளல்' என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார். அதனால் 'எண்ணிப் பார்த்தல்' போதும் என்பேன்.

'வனம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். வனம் என்றால் வனத்துறையும் விலங்குகளும் நினைவுக்கு வரும். காடு என்றால் இடுகாடு, சுடுகாடு பக்கத்தில் வந்து நிற்கும். நிழலோடு மரங்கள் அடர்ந்த இடம் சோலை. 'பொதுக் கலை' என்றால் சிறப்புக் கலை என்று ஒன்று தனியாக இருப்பது போல ஒலிக்கிறது. 'பொதுவெளிக் கலை' என்றால் குழப்பமில்லை.

அப்புறம், மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல்லே தேடுவதை விட வேண்டும். அகராதியின் முதல் பொருளை எடுத்து 'க்குமான' சேர்த்தால் வாக்கியம் ஆகிவிடுவதில்லை. வினையாக்கினால் வரி தானாக நேராகிறது: "நினைவுச் சோலையில், மறைந்தவர்களை நினைவுகூரவும் நின்று எண்ணிப் பார்க்கவும் அமைத்த பொதுவெளிக் கலை."