எந்த யூசரைச் சொல்கிறீர்கள்?

ஒரு மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். 'யூசர் ஓகே சொல்லிட்டார்' என்று கையெழுத்தும் வாங்கியாயிற்று. மூன்று மாதம் கழித்து டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால், ஏகப்பட்ட பேர் ஜனவரி 1 அன்று பிறந்திருக்கிறார்கள்!

கையெழுத்துப் போட்டவர் நிர்வாக மேலாளர், அவருக்கு வேண்டியது மாதாந்திர ரிப்போர்ட். கவுண்டரில் உட்காரும் பெண்ணை எங்களில் யாருமே பார்த்ததில்லை. பிறந்த தேதியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி செய்திருந்தோம்; மயங்கிக் கிடப்பவரிடம் அவர் எதைக் கேட்பார்? 01-01 என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்.

தப்பு எங்கள் மேல்தான். ஆனால் 'யூசர்' என்ற சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு துறைக்கும் அது வேறு வேறு ஆள். பெரிய கணினிகள் காலத்தில் அச்சான ரிப்போர்ட்டை வாங்கிப் படித்த மேலாளர்தான் யூசர், கருவியைத் தொட்டு இயக்கியவர் ஆபரேட்டர். நிறுவனங்களின் கணினி அமைப்புகளை ஆராயும் தகவல் முறைமைத் துறையில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. 1980களில் தனிநபர் கணினியோடு வளர்ந்த, மனிதர் கணினியைக் கையாளும் விதத்தை ஆராயும் மனித-கணினி ஊடாட்டத் துறைக்கோ, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் யூசர், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகக்கூடியவர். எங்கள் கவுண்டர் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆட்களைக் கேட்டால் அது ஒரு எண், அவ்வளவுதான். எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கு என்றால் 0. மென்பொருளை யார் எதற்குப் பயன்படுத்துவார் என்று 'யூஸ் கேஸ்' படம் வரைபவர்கள் 'ஆக்டர்' என்பார்கள், அது இன்னொரு கணினியாகக்கூட இருக்கலாம். கணினிப் பாதுகாப்புத் துறையில் 'யூசர்தான் பலவீனமான கண்ணி' என்று திட்டுவது வழக்கம், கடவுச்சொல் விதிகளே மனிதரால் தாங்க முடியாதவை என்று 1999இல் ஆடம்ஸ், சாசே என்ற ஆய்வாளர்கள் எழுதிய பிறகும்.

எனக்குப் பிடித்தது நார்வேக்காரர்கள் வழி. 1970களின் தொடக்கத்தில் கிறிஸ்டன் நிகார்ட் (சிமுலா என்ற நிரல் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர்) உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். அங்கே யூசர் என்றால் தொழிலாளி. தன் வேலையை மாற்றப்போகும் கணினி பற்றிப் பேச உரிமை உள்ளவர்.

சரி, நோயாளி? அவர் திரையைத் தொடவே இல்லை, அதனால் மேலே சொன்ன யாருடைய கணக்கிலும் வரமாட்டார். ஆனால் தப்பான வயது ஏறியிருப்பது அவர் பெயரில். ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவருக்கென்றே 'தரவுக்குரியவர்' என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் கவுண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "தோராயமா வயசுன்னு ஒரு கட்டம் போடுங்க சார், போதும்" என்றார் அந்தப் பெண். அரை நாள் வேலை.