மின்னூல்: ஏடா, நூலா?

"அக்கா, இ-புக்குன்னா பிடிஎப் தானே?" ஹட்டனில் உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். பாதி சரி. மீதிப் பாதிக்கு விடை சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

'இ' என்பது எலெக்ட்ரானிக்கின் முதலெழுத்து. அதன் வேர் கிரேக்கத்தின் 'எலெக்ட்ரான்', அதாவது அம்பர் என்ற பழம் மரப்பிசின். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அங்கிருந்துதான் ஐரோப்பிய மொழிகள் மின்சாரத்துக்குப் பேர் எடுத்தன. தமிழ் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. மின்னலுக்கும் மின்மினிக்கும் அடியான 'மின்' நமக்குப் போதுமாயிற்று. தன் + நலம் தன்னலம் ஆவதுபோல மின் + நூல் மின்னூல். 'மின்நூல்' என்று பிரித்து எழுதுவோரும் உண்டு. என் காதுக்கு மின்னூலே இனிக்கிறது.

சுவை முழுக்க 'நூலில்' இருக்கிறது. முதற்பொருள் இழை. பஞ்சுதான் சொல், நூற்கிறவள் புலவன், அவள் கை அவன் வாய், நூற்கும் கதிர் அவன் மதி என்று நன்னூல் உவமை சொல்கிறது. இதே சொல் சிங்களத்துக்குப் போய் இழையாகவே நின்றுவிட்டது. ஹட்டன் கடையில் சிங்களத்தில் 'நூல்' கேட்டால் தையல் நூலைத்தான் நீட்டுவார்கள். புத்தகம் வேண்டுமென்றால் 'பொத்த' என்று கேட்க வேண்டும்.

புத்தகத்துக்கு இன்னொரு பழம்பேர் ஏடு. ஏடு ஓலை, எழுதிய வரி எழுதிய இடத்திலேயே கிடக்கும். நூல் இழுத்த பக்கம் ஓடும்.

தங்கச்சிக்கு விடை இதுதான். ஸ்கேன் பண்ணிய பிடிஎப் ஒரு ஏடு, பக்கத்தின் படம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். ஈபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு நூல். எழுத்து பெருக்கப் பெருக்க வரி தானே மடிந்து இறங்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் ஆவண இணையத்தளத்தில் பழைய மலையக இதழ்களைத் தரவிறக்கினால் பெரும்பாலும் ஏடுதான் வரும். ஆறு அங்குலத் திரையில் அதை வாசிப்பது கண்ணுக்குத் தண்டனை, டெப்பில் பாருங்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்பாகவே கிடைக்கும். தொடங்குவதற்குக் கையிலுள்ள போனும் ஒரு வாசிப்புச் செயலியும் போதும்.

பிறகு மின்னூல் வாசிக்கும் கருவி. 2007இல் அமேசானின் கிண்டில் வந்ததிலிருந்து எந்த ஈ-ரீடரையும் 'கிண்டில்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் 'மின்படிப்பான்' என்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கிறோம், கதைப் புத்தகம் வாசிக்கிறோம். ஆகவே 'மின்வாசிப்பான்' என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மின்வாசிப்பானின் மின்-மைத் திரை (இ-இங்க்) மின்னுவதே இல்லை. கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்புலத்தால் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் புரட்டும்போதுதான் மின்சாரம் செலவாகும். ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் தாங்கும். காற்றுமழையில் தோட்ட லயத்துக்குக் கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் உள்லைட் இல்லாத பழைய மாடல் என்றால், பக்கத்தில் ஒரு குப்பி லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.