காய்ச்சல் வாரத்தில் வரும் மாரடைப்பு

மாரடைப்போடு வருபவரிடம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் எல்லாம் விசாரிக்கிறோம். "போன வாரம் காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்பதுதான் குறைவு. கட்டாயம் கேட்க வேண்டும். பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு, முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு கூடியதாக 2018-இல் வெளியான கனடா ஆய்வு காட்டியது.

கிருமியை எதிர்க்கக் கிளம்பும் வெள்ளணுக்கள், தமனிச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புப் படிவிலும் அழற்சியைத் தூண்டுகின்றன. படிவை மூடியிருக்கும் மெல்லிய படலம் நைந்து கிழிகிறது. அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. தொற்று நேரத்தில் ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கும். உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு சுமார் 10 கூடும். நிமோனியாவும் சேர்ந்தால், இதயத்துக்குத் தேவை ஏறும் வேளையில் ஆக்சிஜன் வரத்து குறைந்துவிடும்.

இதயத்தை ஒட்டிய கொழுப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இதயத் தசையின் மேலேயே படர்ந்திருக்கும் இந்தக் கொழுப்புக்குள் புதைந்துதான் இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகள் ஓடுகின்றன. நடுவே தடுப்புச் சவ்வு எதுவும் கிடையாது. அளவோடு இருந்தால் இதயத்துக்கு எரிபொருளும் பாதுகாப்பும் அதுவே. மிகுந்துவிட்டால் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கும். அவை பக்கத்திலேயே இருக்கும் தமனிச் சுவரில் இறங்கும். ஆண்டு முழுக்க இப்படி மெதுவாகப் புகையும் தமனியில்தான் காய்ச்சல் வந்து விழுகிறது.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்கும்போது வலது கீழறையின் முன்சுவர் மேல் இந்தக் கொழுப்பின் தடிமனை அளக்கலாம். இதற்கென்றே தனி ஸ்கேன் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் உள்கொழுப்பு மிகுதி என்று கொள்ளலாம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தவர்கள் எடையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். எடை குறைந்தால் இதயக் கொழுப்பும் குறையும்.

இதய நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. தமனி அடைப்பை விரிக்க ஸ்டென்ட் (வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. உடல்வலிக்கு ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாரசிட்டமால் போதும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால் ஸ்டாட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சில ஸ்டாட்டின்களோடு அது சேர்ந்தால் தசை சிதையலாம். நெஞ்சில் அழுத்தமோ புதிதாக மூச்சுத்திணறலோ வந்தால் 'காய்ச்சல் அசதி' என்று படுத்துவிடாமல் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அழற்சியை அளக்கும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையைக் காய்ச்சல் நேரத்தில் செய்தால் அளவு எகிறித்தான் இருக்கும். இதய அபாயத்தைக் கணிக்க அது உதவாது.

மாரடைப்பைத் தடுக்க ஆன்டிபயாடிக் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். ஓராண்டு முழுக்க வாரம் ஒரு முறை அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்விலும் பலனில்லை. பலன் தெரிந்தது ஃப்ளூ தடுப்பூசியில்தான். மாரடைப்பு வந்த சில நாட்களுக்குள் போட்டவர்களுக்கு அடுத்த ஓராண்டில் இறப்பு குறைந்ததை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இந்த ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆண்டுதோறும் ஃப்ளூ பருவம் தொடங்குமுன் போடுங்கள்.