ஈஸ்ட் அறுவடை: அடிமண்டியில் கிடைக்கும் விதை

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள், நொதித்து முடிந்த கலத்தின் அடியில் தங்கும் ஈஸ்ட்டை வீணாக்காமல் அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள். இதற்குத்தான் ‘ஈஸ்ட் ஹார்வெஸ்டிங்’ என்று பெயர்.

ஈஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், கொதிப்பதையும் நுரைப்பதையும் குறிக்கும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். ஜெர்மனும் பிரெஞ்சும் இதற்கு ‘எழும்பச் செய்வது’ என்ற பொருளில் பெயர் வைத்தன. கண்ணுக்குத் தெரிந்ததற்குத்தானே பெயர் வைக்க முடியும்? 1516-இல் வந்த பவேரியப் பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), தண்ணீர் மூன்றையும் சொன்னது. ஈஸ்ட்டைச் சொல்லவே இல்லை. அது ஓர் உயிரி என்பது 19-ஆம் நூற்றாண்டில்தான் உறுதியானது. அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. இதில் உள்ள ‘சாக்கரோ’வும் நம் சர்க்கரையும் ஒரே வேரிலிருந்து வந்த உறவுக்காரர்கள்.

தமிழில் ‘மதுவம்’ என்று ஒரு சொல் உண்டு, இலங்கைப் பாடநூல்களில் பார்க்கலாம். நல்ல சொல்தான். ரொட்டியை உப்ப வைப்பதும் இதே உயிரிதான் என்பதால் ‘மது’ கொஞ்சம் இடிக்கிறது, அவ்வளவே. சிலர் ‘நொதி’ என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம், என்சைமுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. பேச்சில் ஈஸ்ட் என்றே சொல்லலாம், யாரும் குழம்பப் போவதில்லை.

சரி, ஹார்வெஸ்டிங்? ‘அறுவடை’ என்பதை நேர் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. போட்ட ஈஸ்ட் சில மடங்காகப் பெருகுகிறது. அதில் ஒரு பங்கை அடுத்த போகத்துக்கு விதைநெல் போல எடுத்து வைக்கிறோம். மேலே மிதக்கும் நுரையிலிருந்து எடுப்பதானால் ‘நுரை வழித்தல்’. அடியில் தங்குவதற்குத் தமிழில் ஏற்கனவே ‘அடிமண்டி’ இருக்கிறது, ‘ஸ்லரி’ தேவையில்லை.

அடிமண்டி முழுவதும் ஈஸ்ட் அல்ல. ஹாப்ஸ் துணுக்கும் புரதக் கசடும் கலந்திருக்கும். கொதிக்க வைத்து ஆறிய நீரைக் கலத்தில் ஊற்றிச் சுழற்றிவிட்டு இருபது நிமிடம் போல விட்டால், கனமான கசடு கீழே போகும். பால் நிறத்தில் மேலே நிற்கும் நீரில்தான் ஈஸ்ட் இருக்கிறது. அதைக் கிருமி நீக்கிய ஜாடியில் சாய்த்து ஊற்றி, மூடியை இறுக்காமல் குளிர்பெட்டியில் வைத்தால் ஓரிரு நாளில் வெளிர்க் கிரீம் நிறப் படலமாகப் படியும். மூடியை இறுக்கினால் உள்ளே சேரும் வாயு ஜாடியையே உடைத்துவிடலாம்.

உயிருள்ள செல்கள் நாளாக ஆகக் குறையும். அதனால் ஓரிரு வாரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. அதற்கு மேல் ஆகிவிட்டால் முதலில் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய பார்லி) கரைசலில் விட்டு எழுப்பிக்கொள்ள வேண்டும். சாராயச் சத்து மிகுந்த பீரில் வேலை செய்து களைத்த ஈஸ்ட்டை விதைக்கு வைப்பதில்லை. படலம் பழுப்பாகி, புளித்த வாடையோ அழுகல் வாடையோ அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.