செய்தியோடை: தளங்களைத் தேடிப் போகாமல் பின்தொடர்வது எப்படி?

பாடத்துக்குப் பயன்படும் முப்பது தளங்களைத் தினமும் திறந்து பார்க்க எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது. அந்த வேலையை, தளத்தில் புதிதாக வருவதைத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் (RSS) செய்தியோடையிடம் விட்டுவிடலாம். 1999இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனம் அறிமுகப்படுத்திய பழைய நுட்பம்தான். 2013 ஜூலையில் ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் சேவை மூடப்பட்டபோது இதன் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள்; பாட்காஸ்ட் நிகழ்ச்சிகள் இன்றும் இதை நம்பித்தான் வெளியாகின்றன.

ஓடை என்பது தளத்தின் வழங்கியில் (தளத்தை வைத்திருக்கும் கணினியில்) இருக்கும் ஓர் எக்ஸ்எம்எல் (XML) கோப்பு, அதாவது குறிச்சொற்களோடு எழுதிய உரைக்கோப்பு, அவ்வளவே. ஒவ்வொரு இடுகைக்கும் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான நேரம், ஓர் அடையாளக் குறி ஆகியவை அதில் இருக்கும். ஃபீட்லி, இனோரீடர், தண்டர்பேர்ட் போன்ற திரட்டிகள் (ஓடைகளைச் சேகரித்துக் காட்டும் செயலிகள்) குறிப்பிட்ட இடைவெளியில் போய், ‘கடைசியாக வாங்கியதற்குப் பிறகு மாற்றம் உண்டா?’ என்று வழங்கியைக் கேட்கும். இல்லையென்றால் 304 என்ற பதில் எண்ணோடு வேலை முடிந்தது. உண்டென்றால் கோப்பு முழுதும் வரும். திரட்டி அடையாளக் குறிகளை ஒப்பிட்டு, தன்னிடம் இல்லாததை மட்டும் ‘படிக்காதவை’ பட்டியலில் சேர்க்கும்.

பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒப்பிடுதலில்தான் தொடங்குகின்றன. வகுப்பு வலைப்பதிவில் வீட்டுப்பாடத் தேதியைத் திருத்துகிறீர்கள். பழைய இடுகை, பழைய குறி. அதை ஏற்கெனவே படித்துவிட்ட மாணவரின் திரட்டி பெரும்பாலும் வாய் திறக்காது. தேதி மாறினால் புதிய இடுகையாகவே போடுங்கள். இதற்கு நேர்மாறாக, ஒரு தளம் இடம் மாறும்போது குறிகளும் மாறினால், என்றோ படித்ததெல்லாம் புதிதுபோல் வந்து குவியும். ‘அனைத்தும் படித்தவை’ என்று குறித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

விடுமுறையில் இன்னொரு இழப்பு நேரும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம், அமைப்பை மாற்றாதவரை, கடைசி 10 இடுகைகளையே ஓடையில் வைத்திருக்கும். திரட்டி உங்கள் மடிக்கணினியில் இருந்து, அது மூடிக் கிடந்த நாட்களில் 15 இடுகைகள் வெளியானால், முதல் ஐந்து உங்களை வந்தடையாது. இணையவழித் திரட்டி நீங்கள் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் ஆசிரியர்களுக்கு அதுவே நல்லது.

ஓடையைச் சேர்ப்பது எளிது: தளத்தின் முகவரியைத் திரட்டியில் ஒட்டினால் போதும், பக்கத்தின் நிரலில் உள்ள ஓடைக் குறிப்பை அதுவே கண்டுபிடிக்கும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு.

சேர்த்த பட்டியலைச் சக ஆசிரியருக்குத் தர, அமைப்புகளில் ‘ஓபிஎம்எல் ஏற்றுமதி’ (OPML export) என்பதைத் தேடுங்கள்; ஓபிஎம்எல் என்பது ஓடைப் பட்டியலைச் சேமிக்கும் கோப்பு வடிவம். கிடைக்கும் சிறிய கோப்பை அவர் தன் திரட்டியில் இறக்குமதி செய்தால் அத்தனை ஓடைகளும் அடைவுகளோடு வந்துவிடும். அனுப்புமுன் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமான சில ஓடைகளின் முகவரியிலேயே உங்கள் ரகசியக் குறியீடு இருக்கும். அந்த வரியை நீக்காமல் அனுப்பினால், உங்கள் கணக்குக்கான ஓடையை அவரும் படிக்கலாம்.